குழந்தைகள் இல்லாத வீடு

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் நான்கு பேரும் நன்றாக இருக்கிறோம். உன் முட்டி வலி குறைந்ததா? அங்கே குளிர் கடுமை என்று செய்தியில் சொன்னார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடமே நாம் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

அப்பா அப்படியேதான் இருக்கிறார். இடுப்பு எலும்பு கூடிவிட்டது என்கிறார் டாக்டர். "அவன் கிடக்கான்" என்கிறார் அப்பா. நேற்று டீ ஆறிப்போய்விட்டதென்று டம்ளரைச் சுவரில் எறிந்தார். என் மனைவி துடைத்துவிட்டு, கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பிப் போனாள். பத்து வருடம் இவரோடு நீ தனியாக எப்படித்தான் குப்பை கொட்டினாயோ!

உன் மருமகளுக்கு அடுத்த மாதம் இரண்டு வயது. வாய் ஓய்வதே இல்லை. 'வாயாடி' என்றுதான் கூப்பிடுகிறோம். நான் லிஃப்ட் ரிப்பேர் முடித்து வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும், "லிப்ட் மேல போச்சா, கீழ போச்சா?" என்பாள். மேலே போனது என்றால் "ஏன்?" கீழே போனது என்றாலும் "ஏன்?"

விஷயம் இதுதான். வீட்டு ஜன்னல்கள் ஒன்பதும் இறுகிவிட்டன. ஒன்றன்மேல் ஒன்றாக ஆறேழு பெயிண்ட் பூச்சு இருக்கும். திறந்து மூடினால் செதில் செதிலாக உதிர்கிறது. முன்னறை ஜன்னல் விளிம்பை உன் மருமகள் எலி மாதிரி கடித்து வைத்திருக்கிறாள். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டேன். தேய்க்கிற மெஷின் ஒன்று வாடகைக்கு எடுத்து, மரம் தெரியும்வரை எல்லாவற்றையும் இழைத்துவிட்டு, புதிதாக வானநீலம் அடிக்கப்போகிறேன். அவள் பிறந்தநாளுக்குள் வீடு பளிச்சென்று ஆகிவிட வேண்டும். இருபதாம் தேதி ஆரம்பம். பெயிண்ட் விஷயத்தில் நீதானே கில்லாடி, எது நல்லது என்று எழுது.

உன் தம்பி

---

ஜனவரி 19

அன்புள்ள தம்பி,

வலி அப்படியேதான் இருக்கிறது. மாடி ஏறுகிற வேலையில் முட்டிக்கு எங்கே ஓய்வு? நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பது மகிழ்ச்சி.

உன் கடிதம் பதினான்காம் தேதியே கிடைத்தது. ஆபீஸில் ஆய்வுக்கு மேல் ஆய்வு, உடனே எழுத முடியவில்லை.

ஜன்னல்களைச் சுரண்டாதே. பழைய பெயிண்ட் தூசி நல்லதில்லை. பொதுவாகவே பழைய கட்டடங்களில் அடிப்பூச்சில் ஈயம் கலந்திருக்கலாம். உதிர்கிற இடத்தில் ஈரத்துணியால் துடைத்து, மேலேயே கெட்டியாக ஒரு பூச்சு அடித்துவிடு, போதும். மெஷின் வேண்டாம். பாப்பாவின் கட்டிலை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்திப் போடு. கையை அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவிவிடச் சொல்.

அப்பாவின் மாத்திரை தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள். அவர் கத்தினால் பதில் பேசாதே, தானாக அடங்கிவிடுவார். பொறுமைசாலியான உன் மனைவிக்கு என் அன்பைச் சொல்.

அக்கா

---

பிப்ரவரி 2

அன்புள்ள அக்கா,

உன் முட்டிக்கு ஒரு தைலம் வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தேய்த்துவிட்டுச் சூடாக ஒத்தடம் கொடு.

உன் கடிதம் இருபத்து நான்காம் தேதிதான் வந்தது. அதற்குள் ஏழு ஜன்னல் முடிந்துவிட்டது! பாதியில் விட்டால் நன்றாகவா இருக்கும்? மீதி இரண்டையும் முடித்துவிட்டேன். உன் ஆபீஸ் புத்தி உன்னைவிட்டுப் போகாது. தூசி என்றாலே உனக்கு நோய்தான் ஞாபகம் வரும்.

ஆனால் தூசி சாதாரணத் தூசி இல்லை அக்கா. வீடு முழுக்கப் பவுடர் கொட்டினது மாதிரி ஆகிவிட்டது. அப்பாவின் புருவம்கூட நரைத்துவிட்டது என்று சிரித்தோம். வாயாடிக்குத்தான் கொண்டாட்டம். தரையில் உட்கார்ந்து விரலால் கோழி, லிஃப்ட், அத்தை எல்லாம் வரைந்தாள். நீ வட்டமாக இருந்தாய், கோபித்துக்கொள்ளாதே. அவள் காலடித் தடம் முன்னறையிலிருந்து சமையலறை வரைக்கும் வரிசையாக இருந்தது. கூட்டவே மனசு வரவில்லை. அவள் அம்மா வந்து ஒரே மூச்சில் கூட்டித் தள்ளினாள்.

இப்போது ஒன்பது ஜன்னலும் ஒரு விரலால் தள்ளினால் திறக்கின்றன. நீ வந்து பார்க்க வேண்டும்.

அவளுக்கு நான்கைந்து நாளாக வயிறு சரியில்லை, சிணுங்குகிறாள். பல் முளைக்கிற வேளை.

உன் தம்பி

---

பிப்ரவரி 12

அன்புள்ள தம்பி,

தைலம் வந்தது. நன்றி.

நான் சொல்வதைச் செய். துடைப்பத்தால் கூட்டாதே. இரண்டு வாளி வை: ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணீர். தரை, ஜன்னல் விளிம்பு, கதவு இடுக்கு எல்லாவற்றையும் ஈரத்துணியால் மூன்று முறை துடை. ஒரு முறை துடைத்த துணியைத் தூக்கி எறிந்துவிடு. படுக்கை விரிப்பு, பொம்மைகள், உன் வேலைச் சட்டை, எல்லாம் தனியாகத் துவைக்க வேண்டும். பாப்பாவுக்குப் பால், முட்டை, கீரை நிறையக் கொடு. வெறும் வயிற்றில் விளையாட விடாதே.

எதற்கும் அவளுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துவிடு. சும்மாதான். இந்தக் காலத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்கிறார்கள்.

நான் இந்த வருடம் வர முடியுமா என்று தெரியவில்லை. லீவு கிடைப்பது கஷ்டம்.

அக்கா

---

ஏப்ரல் 18

அக்கா,

இரண்டு மாதமாக எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீ நன்றாக இருக்கிறாயா?

குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். மார்ச் மாதம் முழுக்க வயிற்று வலி என்று சுருண்டு சுருண்டு படுத்தாள். ஒரு டாக்டர் பூச்சி என்றார், மருந்து கொடுத்தோம். இன்னொருவர் மலச்சிக்கல் என்றார். பிறகு நடக்கும்போது தடுக்கித் தடுக்கி விழ ஆரம்பித்தாள். பேச்சு ஒவ்வொன்றாகக் குறைந்தது. முதலில் 'ஏன்' போனது. பிறகு 'லிப்ட்'. கடைசியாக 'அம்மா'வும் போன அன்று என் மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அங்கே ஒரு வயதான டாக்டரம்மா. முதல் கேள்வியே, "பழைய வீடா? சமீபத்துல பெயிண்ட் சுரண்டினீங்களா?"

ரத்தத்தில் ஈயம் அறுபத்து இரண்டு. ஐந்தே அதிகமாம். உடம்பிலிருந்து ஈயத்தைப் பிடித்து வெளியே கொண்டுவரும் மருந்து கொடுக்கிறார்கள். அழுகிய முட்டை நாற்றம் அதற்கு. அதைக் குடிக்கவைக்க நாங்கள் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதலில் கத்துவாள். இப்போது கத்துவதில்லை, எங்களையே பார்க்கிறாள்.

நீ பிப்ரவரியிலேயே ரத்தப் பரிசோதனை செய் என்று எழுதினாய். நான்தான் சோம்பலில் விட்டேன். மெஷின் வேண்டாம் என்றாய். நான்தான் கேட்கவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் அக்கா. என் கையாலேயே செய்துவிட்டேன்.

தம்பி

---

ஏப்ரல் 25

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. பாப்பா சீக்கிரம் தேறிவிடுவாள். உன் மனைவி நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

மன்னிப்பெல்லாம் என்ன பேச்சு? தெரியாமல் செய்தது தப்பாகாது. உன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நீயும் உன்னை வருத்திக்கொள்ளாதே.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த ஊர் சுகாதார ஆபீஸிலிருந்து யாரையும் ஆய்வுக்குக் கூப்பிடாதே. வந்தால் கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், அப்பா தாங்கமாட்டார். நானே லீவு போட்டுவிட்டு வந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்க்கிறேன். அதுவரை பொறு. குழந்தையை மட்டும் அந்த வீட்டுக்கு அழைத்துப் போகாதே.

அக்கா

---

மே 20

அக்கா,

நீ சுகமா? குழந்தையும் அவள் அம்மாவும் கண்ணாடிக் கடைக்காரர் வீட்டு மேல்மாடியில் ஓர் அறையில் இருக்கிறார்கள். நான் அப்பாவுக்கும் அவர்களுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிறேன்.

நான் யாரையும் கூப்பிடவில்லை. ரத்தத்தில் இந்த அளவு இருந்தால் ஆஸ்பத்திரியே ஆபீஸுக்குத் தகவல் அனுப்பிவிடுமாம். போன செவ்வாய் ஒரு பெண் ஆய்வாளர் வந்தாள். சின்ன வயது. துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை ஜன்னல் சட்டத்தில் வைத்து அழுத்துகிறாள், எண் வருகிறது, எழுதிக்கொள்கிறாள். என் மனைவியும் வந்திருந்தாள்.

அந்தப் பெண் நல்ல மாதிரி. எங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் பேசினாள். "சார், இந்த வீடு எங்க பதிவுல ஏற்கெனவே இருக்கு. விலாசத்தைத் தட்டினதும் வந்துடுச்சு. மூணு வருஷம் முன்னாடி மார்ச்ல அளந்திருக்காங்க."

"யாரு?" என்றேன்.

"எங்க மேடம். அவங்ககிட்டதான் நான் தொழில் கத்துக்கிட்டேன். புதுக் கருவி வந்தப்போ அவங்க பழகிப் பார்த்த வீடாம் இது. பாருங்க, முன்னறை ஜன்னல் பதினாலு. ஒண்ணைத் தாண்டினாலே ஆபத்து. சமையலறைக் கதவு ஒன்பது. ஒரு இடம் விடாம எடுத்திருக்காங்க. அவங்க வேலை எப்பவுமே சுத்தம் சார்."

"அப்புறம் ஏன் யாருக்கும் சொல்லலை?"

அவள் தாளைப் புரட்டினாள். "கீழ எழுதியிருக்காங்களே. குழந்தைகள் இல்லாத வீடு, மேல்நடவடிக்கை தேவையில்லை. அன்னிக்கு அது சரிதான். குழந்தை வந்தா பதிவைத் திருத்தணும். அவங்களுக்கு யாரும் தகவல் சொல்லியிருக்கமாட்டாங்க. இப்ப வேற ஊருக்கு மாத்தலாகிப் போயிட்டாங்க, பாவம். முட்டி வலியோட மாடி மாடியா ஏறுவாங்க."

என் மனைவி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "அவங்க எங்க நாத்தனார்."

அந்தப் பெண்ணின் பேனா நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த கதவுகளை அளந்துவிட்டு, நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே போய்விட்டாள்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அந்தத் தேதி சரியா?

தம்பி

---

ஜூன் 30

தம்பி,

நலமா என்று கேட்கிற யோக்கியதை எனக்கில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

தேதி சரி.

ஆறு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். அளந்த அன்றே அப்பாவிடம் சொன்னேன். "நாப்பது வருஷமா இந்த ஜன்னலோரம்தான் படுத்திருக்கேன், எனக்கு என்ன கேடு வந்துச்சு? மனுஷன் எவனாவது பெயிண்டை நக்குவானா?" என்றார். ஒரு கதவைக்கூடக் கழற்ற விடமாட்டேன் என்றார். நானும் விட்டுவிட்டேன். வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தானே.

அந்த வருடக் கடைசியில் நீ போன் செய்தாய். "அவ முழுகாம இருக்கா. இந்த வாடகை வீட்டு மாடிப்படி ஏற முடியலை. அப்பா வீட்டுக்கு வந்துடட்டுமா?" என்றாய். அப்போது என் கண்முன்னால் அந்த எண்கள் எல்லாம் வந்தன. பதினாலு, ஒன்பது, பதினொன்று. நான் வா என்றேன்.

சொல்லியிருந்தால் நீ வந்திருக்கமாட்டாய். வீட்டைச் சரிசெய்ய அப்பா விடமாட்டார், அவரை வீட்டைவிட்டுக் கிளப்பவும் முடியாது. நான் அங்கேயே கிடந்திருப்பேன். பத்து வருடம் அவர் எறிந்ததைப் பொறுக்கினேன். அவர் மூத்திரத் துணியைத் துவைத்தேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களை அவர் வாசலிலேயே விரட்டியதை உள்ளே நின்று கேட்டேன். உன்னை வா என்று சொன்ன அன்று மாலையே மாற்றல் விண்ணப்பம் எழுதினேன்.

பெயிண்ட் உதிராமல் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை. நீ மெஷின் எடுப்பாய் என்று நினைக்கவில்லை. நீ போனில் "எப்ப வர்ற, எப்ப வர்ற" என்று கேட்கும்போதெல்லாம் வேண்டுமென்றே சண்டை இழுத்தேன். பேச்சு நீண்டால் வாய் தவறிச் சொல்லிவிடுவேனோ என்று பயம்.

ஜனவரியில் உன் கடிதம் வந்தபோது போனைக் கையில் எடுத்தேன். 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று நீ கேட்பாயே என்று கீழே வைத்தேன். ஐந்து நாள் அப்படி எடுத்து எடுத்து வைத்தேன். பிறகுதான் கடிதம் எழுதினேன்.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

அக்கா

---

ஆகஸ்ட் 17

அக்கா,

இரண்டு சுற்று மருந்து முடிந்தது. ஈயம் இருபத்தெட்டுக்கு இறங்கியிருக்கிறது. எலும்புக்குள் போய் உட்கார்ந்தது வருடக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்குமாம். மூளையில் போனது போனதுதான், எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மா. அவள் இப்போது கதவில் போய் முட்டிக்கொள்கிறாள். அம்மாவின் கையைக் கடிக்கிறாள். பேச்சு இல்லை.

வீட்டைப் பூட்டிவிட்டார்கள். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் அந்த ஒற்றை அறையில்தான். அப்பாவுக்கு அங்கே இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏற்றி உன்னிடம் அனுப்புகிறேன். வீட்டைப் பூட்டிய அன்று வெளியே வரமாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார். விரல் விரலாகப் பிரித்தேன். இனி அவர் உன்னோடுதான்.

போன வாரம் உன் ஆபீஸ் விசாரணைக்கு என்னையும் என் மனைவியையும் கூப்பிட்டார்கள். நீள மேசை, மூன்று பேர். நடுவில் இருந்தவர், "உங்க அக்கா உங்களை எச்சரிச்சாங்களா?" என்று கேட்டார். உன் ஜனவரிக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். 'ஜன்னல்களைச் சுரண்டாதே' என்று அவர் சத்தமாகப் படித்தார். "அப்போ அவங்க சொல்லியிருக்காங்க, நீங்கதான் கேக்கலை" என்றார்.

"ஆமா" என்றேன். கடிதம் எந்தத் தேதியில் கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உன் ஜூன் கடிதம் என் சட்டைப் பையிலேயே இருந்தது. பெற்றோரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். என் மனைவியும் போட்டாள். அது அவள் யோசனைதான்.

உன்னைக் காப்பாற்றினோம் என்று நினைக்காதே. வேலையைப் பிடுங்கியிருந்தால், பட்டுவிட்டேன், அதோடு தீர்ந்தது என்று நீ ஆறிவிடுவாய். ஆறக்கூடாது. நீ அதே வேலைக்குப் போக வேண்டும். தினமும் ஒரு வீட்டில் போய் ஜன்னலை அளந்து, அந்த வீட்டுக் குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

---

அக்டோபர் 6

அன்புள்ள தம்பி,

நீங்கள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள்?

அப்பா வந்து சேர்ந்தார். என் அறையில் ஒரே ஒரு கட்டில். அதை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் தரையில் படுக்கிறேன். நான் வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொள்கிறார். அந்த அம்மாவையும் திட்டுகிறார். என்னைப் பார்த்துத் தினமும் ஒன்றுதான் சொல்கிறார்: "நீ வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?" அவரிடம்தானே முதலில் சொன்னேன் என்றால், "எப்போ?" என்கிறார். மறந்துவிட்டதாக நடிக்கிறாரா, நிஜமாகவே மறந்துவிட்டதா, எனக்குத் தெரியவில்லை.

ஆபீஸ் உத்தரவு வந்தது. என்மேல் குற்றமில்லை. உண்மை முழுவதையும் நானே எழுதி மேலதிகாரியிடம் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். நான்கு பக்கம் வந்தது. அப்பா மாத்திரை கேட்டார், எழுந்து போனேன். திரும்பி வந்து கிழித்துவிட்டேன். மறுபடி எழுதினேன். அதையும் கிழித்தேன். வேலை போய்விட்டால் இவரை வைத்துக்கொண்டு எங்கே போவேன் என்று தோன்றியது. நீ இதையும் யோசித்துத்தான் அனுப்பினாயா?

நேற்று ஒரு வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றது. கருவியைப் பார்த்து "ஏன்?" என்றது. வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி. அவள் பேசுகிறாளா? ஒரு வரி போதும். உன் மனைவியாவது எழுதட்டும்.

அக்கா

---

நவம்பர் 22

அண்ணிக்கு,

உங்கள் தம்பி எழுதமாட்டார். நான் எழுதுகிறேன், இந்த ஒரு முறை.

மாமாவுக்கு வெள்ளை மாத்திரை காலையில் சாப்பாட்டுக்கு முன்பு, பாதி மட்டும். ரோஸ் கலர் மாத்திரை சாப்பிட்ட பிறகு. முதுகில் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வையுங்கள். டீ கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும். டாக்டர் அவர் இதயத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் பத்துப் பதினைந்து வருடம் தாங்கும் என்றார். அந்தச் சீட்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

நாங்கள் இந்த அறையைக் காலி செய்கிறோம். புது விலாசம் உங்களுக்குத் தேவைப்படாது.

நீங்கள் கேட்டதற்குப் பதில். போன வியாழக்கிழமை அவள் பேசினாள். ஏழு மாதத்துக்குப் பிறகு ஒரே ஒரு வார்த்தை. நான் அவளுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். தலை சட்டைக்குள் இருந்தபோது சொன்னாள். நான் அசையவே இல்லை, அசைந்தால் போய்விடுமோ என்று. மறுபடியும் சொன்னாள். உங்கள் தம்பி தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அது என்ன வார்த்தை என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி மனைவி